மீனாவின் கண்ணாடி நூல்

ஐப்பசி 4, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். களத்து நெல்லில் ஈரம். இன்று எடை போட வழியில்லை. தார்ப்பாய் ஒன்று கிழிசல், மாற்ற வேண்டும்.

மகள் மீனாவின் படத்துக்குப் பூக் கட்டிக்கொண்டே செல்வி கத்தினாள். "என்னங்க நரம்பு இது, முடிச்சு போட்டா பட்டு பட்டுன்னு ஒடியுது!" பெங்களூரிலிருந்து மீனாவின் துணிமணியோடு வந்த சுருள். தூண்டில் நரம்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆடியில் மீனாவுக்குக் காய்ச்சல். மூன்றே நாள். போய்விட்டாள்.

5, சனி

மீனாவோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த ரேவதி போனில்: "அப்பா, ஒரு சின்ன சுருள் வந்துச்சா? மீனா அளவு சொல்லி செய்யவெச்ச கண்ணாடி நூல்ப்பா அது. வேற கிடையாது. அது இல்லாம அவ வேலை பாதில நிக்குது."

செல்வி ஒடித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன்.

கருந்துளையை மேசைமேல் செய்து பார்க்கிறேன் என்பாள் மீனா. நூலுக்குள் பலமான ஒளித்துடிப்பு ஒன்று ஓடும். அதற்குள் மாட்டிய மங்கல் வெளிச்சம் முன்னால் தாண்டி வெளியேற முடியாதாம். "மதகுல தண்ணி சீறுற எடத்துல மீன் எதிர்த்து ஏற முடியாதுல்லப்பா, அப்படி."

"இதை எந்த மண்டியில விக்கிறது?" என்றேன். "போங்கப்பா, எல்லாம் உங்களுக்கு வியாபாரம்தான்!"

7, திங்கள்

ரேவதி வந்தாள். ஒடிந்த துண்டுகள் உதவாது. சுருளில் மீதி இருப்பது போதுமாம்.

செல்வி தர மறுத்தாள். மடியில் வைத்து மூடிக்கொண்டாள். "எம் பொண்ணு தொட்டது." எத்தனை பேரிடம் பேசி நெல் வாங்கியிருக்கிறேன். இவளிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

ரேவதிதான், "அவ பேர்லதான்மா இந்த ஆராய்ச்சி வரும்" என்றாள். பிறகு செல்வி தன் முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."

தீபாவளிக்குத் தங்கை வீட்டிலிருந்து முறுக்கு. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. யாரும் தொடவில்லை.

25, வெள்ளி

வெயில். நெல் காய்ந்தது. லாரி வரவில்லை.

மதியம் போனில் ரேவதி. அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. "மீனா எழுதி வெச்ச மாதிரியே வந்துடுச்சுப்பா."

செல்வி போனைப் பிடுங்கினாள். "உள்ள மாட்டுன வெளிச்சம் என்னம்மா ஆவும்?"

"துடிப்போட கூடவே போகும்மா. அது தேஞ்சு போனதும் விட்டுடும்."

"வெளிய வந்துடும்ல?"

"வந்துடும்மா."

"சரி," என்றாள். போன் அணைந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தாள்.

நூல் எப்போது வரும் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.