‘குடும்பப் போட்டோ’ கதையைத் திருத்திய நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருச்சுழி பஸ்ஸில் உட்கார இடமில்லை. காலடியில் யாருடைய கருவாட்டுக் கூடையோ. அருப்புக்கோட்டையில் இறங்கும்போது நானே கருவாடு.

முதல் மணி: படைப்பெழுத்தும் பதிப்பும். எம்.ஏ. தமிழில் இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த பாடம். மாணவர் சிறுகதைத் தொகுப்பு ஒன்று போடுகிறோம். எழுதுவது, திருத்துவது, புரூஃப் பார்ப்பது எல்லாம் நாங்கள். அட்டையில் பெயர் பேராசிரியருக்கு. (இனி பே. முழுசாக எழுத மை வீண்.)

இன்று பக்கம் ஒதுக்கினோம்.
தாளாளர் வாழ்த்துரை, போட்டோவுடன்.
செயலர் வாழ்த்துரை, போட்டோவுடன்.
முதல்வர் வாழ்த்துரை, போட்டோவுடன், கையில் பேனா பிடித்தபடி.
பே. எழுதும் பதிப்புரை. நீளம்.
மாணவர் கதைகள், இடம் இருந்தால்.

கடைசி இரண்டு வார்த்தை நான் எழுதியது. மீனா அடித்துவிட்டாள். பயந்தாங்கொள்ளி. ஆனாலும் வகுப்பில் எனக்கு இருக்கிற ஒரே மனுஷி.

ஒரு விஷயம் மட்டும் நிஜமாகக் காதில் ஏறியது. வெளியீட்டு விழாவுக்குச் சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து எடிட்டர் வருகிறார். நல்ல கதை எழுதியவருக்கு அங்கே பயிற்சி எடிட்டர் வேலை. ஒருவருக்குத்தான்.

எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் பி.எட். அதுவும் இல்லாவிட்டால் அத்தை மகன்.

மார்ச் 4, புதன்

கதையைக் கொடுத்துவிட்டேன். தலைப்பு ‘குடும்பப் போட்டோ’. அம்மாவைப் பற்றியது. நடந்தது நடந்தபடி.

அம்மாவுக்குக் கேட்டரிங் வேலை. மெரூன் சேலை, தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் உறை. கல்யாணம் கல்யாணமாகப் போய்ப் பரிமாறுவாள். காரியாபட்டி மண்டபத்தில் ஒருநாள் பந்தி முடிந்து நிற்கையில் போட்டோக்காரர், “ஃபேமிலி எல்லாம் வாங்க, வாங்க” என்று கூவியிருக்கிறார். அம்மா தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். கூப்பிட்டார்கள், போனேன் என்கிறாள். வளைகாப்பு ஆர்டருக்கு அதே வீட்டுக்குப் போனபோது சுவரில் பெரிதாக அவள்.

“பொண்ணு வீட்டுக்காரவுக என்னைய மாப்ள வகையறானு நெனச்சிருக்காக. மாப்ள வீட்டுக்காரவுக பொண்ணு வகையறானு நெனச்சிருக்காக. சொந்தக்காரி பந்தியில பரிமாறுறாளேன்னு அன்னிக்கு ரெண்டு வீடும் ஒண்ணுக்கொண்ணு கோவிச்சிட்டு நின்னாகத்தா.”

இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பில் மூச்சு முட்டும். எழுதப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

“அன்னிக்கு நல்ல சேல கட்டியிருந்த மாதிரி எழுதுத்தா.”

எழுதினேன். அரக்குப் பட்டு.

மார்ச் 6, வெள்ளி

கேன்டீன் டீயில் எறும்பு. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.

பே. கதையைத் திருப்பித் தந்தார். பச்சை மையில் வெட்டு.

“என்னம்மா இது, சிரிப்புத் துணுக்கு? நீ எந்த ஊரு?”

“திருச்சுழி தாண்டி, நரிக்குடி ரோட்டுல சார்.”

“அந்தப் பூமி எப்படிப்பட்ட பூமி! வறண்டு வெடிச்ச பூமி! அதோட கண்ணீர் எங்க? தண்ணிக் குடம் எங்க?”

எங்கள் கண்மாய் இந்த வருஷம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. மீன் பிடிக்க ஏலம் விட்டார்கள். வீட்டு வாசலில் குழாய். சொன்னேன். “அது விதிவிலக்கும்மா” என்றார்.

மீனா ஆவி ஏறும் கடைசி பஸ் பற்றி எழுதியிருந்தாள். படித்து நானே பயந்தேன். அதில் இப்போது ஆவியே இல்லை. கண்டக்டர் தாகத்தில் சாகிறார். இன்னொருத்தன் கிரிக்கெட் கதையில் பந்து எடுக்கப் போன பையன் வறண்ட கிணற்றில் விழுந்துவிட்டான். ஆளாளுக்கு ஒரு பிணம்.

என் கதையின் புதுத் தலைப்பு: ‘கண்ணீர்க் கண்மாய்’. முதல் பக்கத்தில் அம்மா குடத்தோடு மூன்று மைல் நடக்கிறாள். அம்மா! தெருமுனைக் கடைக்கே ஷேர் ஆட்டோ பார்க்கிறவள்.

குமட்டுகிறது. டீயா, கதையா, தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

வெயில். காலில் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தி நடந்தேன்.

மத்தியானம், பே. அனுப்பிய கதைகளைப் படித்துவிட்டுச் சென்னை எடிட்டர் போனில் பேசினார். மட்டமான ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. மெதுவான குரல். மரியாதையான மனிதர். என் ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார். அதுதான் கொடுமை.

“எழுத்து நல்லா வருது உங்களுக்கு. ஆனா பரிமாற வந்தவங்க போய்க் குடும்பப் போட்டோவுல நிக்கிறது... நம்ப முடியலையே.”

“நெசமா நடந்தது சார்.”

“நடந்துட்டா மட்டும் போதாதுங்க, வாசகர் நம்பணும். அந்தக் குடம் தூக்கிட்டுப் போற இடம் இருக்கு பாருங்க, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அதுதான் உண்மை. அந்த அம்மா அன்னிக்கு வீடு திரும்பலைன்னா?”

“திரும்பலைன்னா?”

“நான் சொல்லல. நீங்க யோசிங்க.”

குடம் பே. செருகியது என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை ஞாபகம் வந்தது. யோசிக்கிறேன் சார் என்றேன். த்தூ.

மார்ச் 10, செவ்வாய்

கொன்றுவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. போட்டோவை எடுத்தாயிற்று. மண்டபம் இல்லை. பட்டுச் சேலை இல்லை. கண்மாய்க் கரையில் வெயிலில் சுருண்டு விழுகிறாள், குடம் உருள்கிறது, ‘நான்’ ஓடி வருகிறேன். கடைசிப் பத்தி நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் இன்னும் அசிங்கம்.

எழுதும்போது அம்மா பக்கத்தில் படுத்து போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் மிஞ்சிய ஜிலேபி கொண்டுவந்திருந்தாள். அவள் மூச்சு நிற்கும் வரியை எழுதுகையில் என் கையில் ஜிலேபிப் பிசுக்கு.

“என்னையப் பத்தின கததான? முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சும்மா.”

மார்ச் 13, வெள்ளி

புரூஃப் வந்தது. தாளாளர் போட்டோ முழுப் பக்கம். எங்கள் எழுத்து கொசு அளவு.

கதைக்கு மேலே ஆசிரியர் குறிப்பு. பே. எழுதியது. ‘செல்வராணி, நரிக்குடிப் பகுதியின் வறட்சிக்குத் தன் தாயைப் பலி கொடுத்தவர். அந்த ரணமே இந்தக் கதை.’

இரண்டு தடவை படித்தேன். கதையில் ‘நான்’ என்று இருப்பதால் நானே என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழ்த் துறைத் தலைவர்!

ஓடினேன். துறை அறையில் போனில் இருந்தார். வைத்ததும் என் தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது.

“சென்னைக்காரர்தான். உன் கதையையும் குறிப்பையும் படிச்சிட்டு அழுதுட்டாராம். வேலை உனக்குத்தான்னு ஏறக்குறைய சொல்லிட்டார். இவ்வளவு துக்கத்த வச்சிக்கிட்டு எப்படிம்மா சிரிச்ச முகமா இருக்க?”

இப்போது சொல்ல வேண்டும். ‘சார், எங்கம்மா காலையில எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாக.’ அவ்வளவுதான். ஏழே வார்த்தை.

“பழகிருச்சு சார்” என்றேன்.

திரும்பி வந்து அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். ஒரு கால்புள்ளியை எடுத்தேன். மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். புரூஃப் பார்த்தவர்: நான்.

வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா உயிரோடு இருப்பது தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மீனா மட்டும், “ஏய், ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?” என்றாள். அம்மா புத்தகம் படிக்கிற ஆள் இல்லை என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

அம்மா வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

“ஏத்தா, புதன்கிழம ஒங்க காலேஜுலதான் ஆர்டரு! புஸ்தக விழாவாம். மேடைக்காரவுகளுக்கு எல போட்டுச் சாப்பாடு. நாந்தான் சாம்பாரு.”

அருப்புக்கோட்டையில் வேறு கேட்டரிங்கே இல்லையா?

மார்ச் 17, செவ்வாய்

கல்லூரிக்குப் போகவில்லை.

அம்மா சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போக வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சும்மா என்றேன். தேய்ப்பதை நிறுத்தினாள்.

“தொப்பியும் வாளியுமா வந்து நின்னா ஒனக்கு வெக்கமா இருக்குமோ?”

இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்வதைவிட இது சுலபமாகத் தெரிந்தது. பேசாமல் நின்றேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

“சரி. ஒங்கிட்ட வந்து பேச மாட்டேன். தூரத்துல நின்னு பாத்துக்கிறேன். ஒங்கதய மேடையில சொல்லுவாகல்ல?”

மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். இந்த நிமிஷம் என்னைவிடக் கேவலமான ஜென்மம் இந்தத் தாலுகாவில் கிடையாது.

மார்ச் 18, புதன்

அரங்கில் ஏசி பாதிதான் வேலை செய்தது. குத்துவிளக்கு. பொன்னாடை, பொன்னாடை, பொன்னாடை. முதல் பிரதி வாங்கியவர் அதை வைத்தே விசிறிக்கொண்டார்.

அம்மா கடைசி வரிசைக்குப் பின்னால். மெரூன் சேலை, தொப்பி, தட்டு நிறைய ஜூஸ் டம்ளர். என்னைப் பார்த்தாள். தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றுச் சொன்னதைக் காப்பாற்றுகிறாளாம்.

பே. மைக்கைப் பிடித்தார். என் கதையைச் சொன்னார். குடம், கரை, வெயில், எல்லாம். பாதியில் அவர் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே உடைந்தது.

“அந்தத் தாயின் மகள் இங்கே இருக்கிறாள். செல்வராணி, எழுந்து நில்லும்மா. வறட்சி தின்ற அந்தத் தாய்க்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.”

நாற்காலிகள் கரகரத்தன. எல்லாரும் எழுந்தார்கள். மீனா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தட்டை வைக்க இடம் தேடினாள். இல்லை. தட்டோடு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாத முகம் எனக்குத் தெரியும், அது இல்லை. சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். அவளும் குனிந்துகொண்டாள்.

பிறகு சென்னை எடிட்டர் பேசினார். வேலை எனக்கு என்று அறிவித்தார். கைதட்டல். அம்மாவால் தட்ட முடியவில்லை. கையில் ஜூஸ் தட்டு.

சாப்பாட்டுக்கு என்னை மேடைக்காரர்களோடு உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் எடிட்டர், ஒரு பக்கம் பே. இலை போட்டாயிற்று. சோறு வந்தது, வடை வந்தது. சாம்பார் வாளியோடு அம்மா வரிசையில் வந்தாள். தாளாளருக்கு ஊற்றினாள். பே.க்கு ஊற்றினாள். என் இலைக்கு எதிரே நின்றாள்.

“சாம்பார் ஊத்தவா, மேடம்?”

தலையை ஆட்டினேன்.

“சாப்பாடு ரொம்ப நல்லாருக்கும்மா,” என்றார் எடிட்டர் அவளிடம். “இந்தப் பொண்ணுக்குப் பாத்து வைங்க. அம்மா இல்லாத பொண்ணு.”

“அப்படியாய்யா?” என்றாள் அம்மா. “பாவம்.” பக்கத்தில் வந்த வடைத் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து என் இலையில் வைத்தாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “சாப்பிடுங்க மேடம். மெட்ராஸுல இந்த ருசி கெடைக்காது.”

அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வாயில் வடை இருந்தது. மென்று விழுங்கினேன். அதற்குள் அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.