இடது காதில் பதினான்கு விநாடி

அன்புள்ள காதுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். வீட்டில் ஒருநாளும் உங்களை ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை. காகிதத்தை எடுத்து வைத்ததும் அப்படித்தான் வருகிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறதே, அதனால் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மெசேஜ் வந்தது. மூன்று வரி. “பாட்டு ஆப்ல நம்ம ரெண்டு பேர் பிளானை மாசக் கடைசில மூடிடறேன். வேற எது உனக்குச் சரியா வரும்னு கேட்டுப் பார்த்துச் சொல்லு. லிஸ்ட்டையெல்லாம் அதுக்கு மாத்தித் தர்றேன்.” மூன்று வரியிலும் ஒரு பிழை இல்லை. நாள் முழுக்க அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவளுக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. போனில் பதில் எழுத நாலு தடவை தொடங்கி அழித்தேன். போனில் அழித்தால் அழித்த தடமே இல்லாமல் போய்விடுகிறது. காகிதத்தில் அடித்தால் அடித்தது தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூடுவது நியாயம்தான். அது ஒரே வீட்டில் இருக்கும் இருவருக்கான பிளான். மாதாமாதம் இரண்டாவது ஆளான எனக்கு ஒரு மெயில் வரும். நீங்கள் இருவரும் இப்போதும் இதே முகவரியில்தான் வசிக்கிறீர்களா என்று கேட்கும். நான் ‘ஆம்’ அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைக்கப் போய்விடுவேன். எட்டு தடவை அழுத்தியிருக்கிறேன். இதை உங்களிடம் இதற்கு முன் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த ஆப்பில் நம் இருவருக்கும் பொதுவாக ஒரு அலமாரி இருக்கிறது. அதில் நாமே எதையாவது ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் அறையில் நீங்கள் பதிவு செய்த அந்த முப்பத்தெட்டு விநாடி அங்கேதான் இருக்கிறது. அது பாட்டு இல்லை. உலகத்தில் வேறு எந்த ஆப்பில் தேடினாலும் கிடைக்காது. கணக்கை மூடினால் அதுவும் சேர்ந்து போய்விடும். அது போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடு. மற்றதெல்லாம் ஒப்புக்கு. ஆனாலும் கேட்டீர்கள், செய்தேன்.

நம் பழைய ஆப்போடு வேறு இரண்டையும் வைத்து, நம் பழைய முறைப்படியேதான் செய்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நாற்காலி. அதன் கால்களுக்கு நீங்கள் தரையில் போட்ட நான்கு சாக்பீஸ் வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. வீடு துடைக்கும்போது அவற்றைச் சுற்றித் துடைப்பேன். கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்வது, எந்த ஆப் ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பது, எது நல்ல ஒலி என்று கை தூக்குவது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தோற்பேன். “உன்னோடது காது இல்லடி, கம்மல் மாட்டற ஸ்டாண்டு” என்பீர்கள். “உன் மூளையெல்லாம் காதுல போய் உக்காந்துடுச்சு, மத்த எதுக்கும் மிச்சமில்லை” என்பேன். நினைவிருக்கிறதா தெரியவில்லை.

இந்தத் தடவை பொத்தான் அழுத்தக் கீழ் வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். நான் கண்ணைக் கட்டுவதைப் பார்த்ததும், “என்னம்மா இது, கண்ணாமூச்சியா? கால்ல எதையாவது இடிச்சுக்காத” என்றாள். இரண்டு பாட்டு போனதும் அவளுக்கே ஆசை வந்துவிட்டது. “எந்திரி, நான் உக்காந்து பாக்கறேன்” என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அவள் சொன்ன தீர்ப்பை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நம் பழைய ஆப்பைக் கேட்டு, “இது கஞ்சி போட்ட காட்டன், மொடமொடன்னு இருக்கு” என்றாள். இரண்டாவதுக்கு, “இது பட்டு. ஆனா கட்டிக்கிட்டு வேலை செய்ய முடியாது.” மூன்றாவது ஓடியபோது பாதியிலேயே துண்டை அவிழ்த்துவிட்டாள். “இது துவைச்சுத் துவைச்சு சாயம் போனது. இதையா காசு குடுத்து வாங்கப் போற?” பிறகு ஒவ்வொரு ஆப்பும் தன் ஒலித் தரம் பற்றி எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் மூன்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் பத்து நிமிடம் அலைவரிசை, அழுத்தம் என்று விளக்கியதை அவள் ஒரு வாயில் சொல்லிவிட்டாள்.

போகும்போது, “தம்பி எப்ப வர்றாரு?” என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். என் ரவிக்கைத் தோளில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டுப் போனாள்.

வசதிகள் பற்றி. இரண்டாவதில் ஒலி இழப்பே இல்லை என்கிறார்கள். பாட்டு வரிகளும் திரையில் ஓடும். நான் முதல் பாட்டிலேயே பதினோரு பிழை பிடித்தேன். பாட்டைக் கேட்கவே இல்லை. சொந்தமாக எதையும் ஏற்ற முடியாது. அத்தோடு அது முடிந்தது. மூன்றாவதில் ஏற்றலாம், ஆனால் ஏற்றும்போதே சுருக்கி மெலிதாக்கிவிடும். அதில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி ஒன்று தானாகவே போட்டிருக்கிறது. கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே உயரத்தில் வருகின்றன. அதைக் கேட்டபோது இந்த வீட்டில் நம் கடைசி மாதம் நினைவுக்கு வந்தது. அப்போது நாமும் எல்லாவற்றையும் அதே அளவில்தான் பேசினோம். பால் வாங்கியாச்சா, டாக்டர் என்ன சொன்னார், சாவி எங்கே.

நம் பழைய ஆப் தினமும் இருவர் ரசனையையும் கலந்து ஒரு லிஸ்ட் போடுமே, அதை இன்னும் பார்க்கிறேன். ஒளிந்து பார்ப்பதாக நினைக்க வேண்டாம். அது தானாகவே முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்கள் பாதியில் இப்போது பாட்டே இல்லை. மழைச் சத்தம், திரும்பவும் மழைச் சத்தம். தூங்குவதற்கா? அந்த ஊரில் தூக்கம் வருவதில்லையா? ஸ்டுடியோவில் பகல் முழுக்க ஹெட்போன் மாட்டியிருந்துவிட்டு அறைக்கு வந்தும் மாட்டாதீர்கள். சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, காது ஒன்றுதான் உங்கள் பிழைப்பு.

(மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.)

இதை மடித்து உறையில் போட இருந்தேன். அதற்கு முன் லிஸ்ட்டை மாற்றித் தரும் கருவியை நானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நேற்று மதியம் அச்சகத்தில் அரை நாள் லீவு. ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு கிடைத்தன, இரண்டு கிடைக்கவில்லை என்று வந்தது. எனக்கு ஒன்றுதான் தெரியும். கீழே பார்த்தேன். இரண்டுக்கும் நேரே ‘பாடியவர் பெயர் இல்லை’ என்று இருந்தது. ஒன்று முப்பத்தெட்டு விநாடி. இன்னொன்று ஐம்பத்திரண்டு.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அன்று ஸ்கேன் முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே நீங்கள் அதை ஏற்றிவிட்டீர்கள். தொலைந்துவிடக்கூடாது என்று அவ்வளவு அவசரம். குழந்தை போன பிறகு அதே பதிவைச் சுத்தம் செய்து, பழையதன் மேல் எழுதிவிட்டதாக நினைத்து மறுபடி ஏற்றியிருக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அசல் அழிந்தது. ஆனால் அந்த அலமாரி எதன் மேலும் எதையும் எழுதாதாம். பழையதைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளுமாம். ஒலி வேலை செய்கிற உங்களுக்கு இது தெரியாமல் போனதே!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எனக்கு அந்த முப்பத்தெட்டு விநாடியைப் போட்டுக் காட்டினீர்கள். “நல்லா சுத்தமா வந்திருக்கு, கேளு” என்றீர்கள். கேட்டேன். ஆளில்லாத வீட்டில் ஓடும் கடிகாரம் மாதிரி இருந்தது. டாக்டர் பேசியது எங்கே, நான் சிரித்தது எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் நாய்ஸ்” என்றீர்கள். நான் சொன்னதும் நினைவிருக்கிறது. “உனக்கு அவ வெறும் சத்தம்தான், இல்ல?” என்றேன். மூன்று வாரத்தில் அந்த ஊர் வேலையை ஒத்துக்கொண்டீர்கள். அன்று நீங்கள் ஒருமுறையாவது அழுதிருந்தால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டிலும் அழவில்லை. கல் என்று நினைத்தேன். எட்டு மாதமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நாற்காலியை அதன் வட்டங்களில் வைத்துவிட்டு ஐம்பத்திரண்டைப் போட்டேன். துண்டு கட்டவில்லை. கண் தானாகவே மூடிக்கொண்டது.

மெஷினின் காற்றாடிச் சத்தம். டாக்டரம்மா வலது பக்கம், “அப்பா ஏன் அங்க ஒதுங்கி நிக்கறாரு? கிட்ட வரச் சொல்லுங்க” என்கிறார். நான் “ஐயோ ஜில்லுனு இருக்கு” என்று சிரிக்கிறேன். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பேனா நான்? பிறகு அவள் வருகிறாள். தட் தட் தட் தட் என்று, எதற்கோ நேரமாகிவிட்டது போல. உடனே இடது பக்கத்தில் நீங்கள். “இன்னொரு தடவை வைங்க டாக்டர், லெவல் பத்தலை.” “இங்கயுமா லெவல் பாக்கற?” என்று நான் கேட்கிறேன். எல்லோரும் சிரிக்கிறோம். இதுவரை எனக்கும் நினைவிருந்தது.

கடைசிச் சில விநாடிகள் எனக்குத் தெரியாதவை. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருக்கிறார், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். இடது ஸ்பீக்கரில் மட்டும் ஒரு மூச்சு. உள்ளே இழுக்கிறாய், விட முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம், அதை மறைக்கத் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, மைக் முன்னால் பயந்து நிற்கிற ஆளிடம் நீ சொல்வாயே, அதே குரலில், அதைவிட மெதுவாக, “கேக்குது... கேக்குது. சொல்லு” என்றாய்.

அவளிடம் சொன்னாய்.

நீ வெட்டி எறிய நினைத்தது டாக்டரை இல்லை, என் சிரிப்பை இல்லை. உன்னை. அந்தப் பதிவில் நீ இருந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் துடைத்திருக்கிறாய். நானும் பிழை நீக்குகிறவள்தான். ஒரு வரியை எடுத்தால் அது இருந்த இடம் தெரியாமல் பக்கத்தைச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். நீ அதை எத்தனை நாள் உட்கார்ந்து செய்தாயோ. நான் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன்.

இனி ஒலித் தரம் பற்றி. ஸ்பீக்கரில் ஓடியதைப் போனில் பதிவு செய்து மூன்றாவது ஆப்பில் ஏற்றிப் பார்த்தேன். துடிப்பு வந்தது, நானும் வந்தேன். நீ காற்றாடிச் சத்தத்தோடு கலந்துவிட்டாய். நம் ஆப்பிலேயே டேட்டா மிச்சப்படுத்தும் அளவில் போட்டேன். நீ இடது பக்கத்தை விட்டு நடுவே நகர்ந்தாய், “சொல்லு” மறைந்துவிட்டது. உயர்ந்த அளவில் போட்டால்தான் நீ நின்ற இடத்தில் நிற்கிறாய். தையல்கார அக்காவைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு தடவை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். என்ன ஓடுகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. ஆறு தடவையும் சரியாகச் சொன்னேன். அவள்தான், “துண்டு நனையுது, அவிழ்த்துடறேன்” என்றாள்.

அதனால் இதுதான் என் பதில். எனக்கு வேறு எந்த ஆப்பும் வேண்டாம். பாட்டு லிஸ்ட் எதையும் மாற்றித் தர வேண்டாம், ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டும் போகட்டும். அசல் கோப்பை அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுக்கக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரால்தான் முடியுமாம். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மூடுவதற்கு முன் அதை எடுத்துவிடு. எடுப்பதற்கு முன் ஒருமுறை கேள். அறையில் தனியாக உட்கார்ந்து, இடது வலது மாறாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள். எதையும் சுத்தம் செய்யாதே.

நான் சொன்ன அந்த ‘வெறும் சத்தம்’ என்ற வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும். ஆனால் இந்தக் காகிதத்தில் அதை எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும்.

முகவரி கேட்கும் மெயில் இன்று காலை வந்தது. இம்முறை நான் ஆம் என்றும் அழுத்தவில்லை, இல்லை என்றும் அழுத்தவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையைக் காதில் போட்டுக்கொண்டு தூங்காதே, ஜன்னலைத் திறந்து வைத்துப் படு. உன் காதுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. கேட்டு முடித்ததும் எழுது. எழுத வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்து ஒன்றும் பேசாமல் இரு. எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன்
கம்மல் ஸ்டாண்டு