டினேஷ் எழும்பினானா?

பலெர்மோ சிறை, இத்தாலி
14 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி அமலினிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளை அனிற்றாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனமுறை வந்தபோது நன்றாக மெலிந்திருந்தாய்.

என் பதினாறு வருடத் தண்டனைக்கு எதிரான மேன்முறையீட்டை மார்ச்சில் விசாரிக்கிறார்கள். உன் புருஷனைக் கொன்றது உன்னைக் காப்பாற்றத்தான் என்று ஏற்றுக்கொண்டால் தண்டனை பாதியாகக் குறையலாமாம். ஆனால், விழுந்து கிடந்தவனை ஏன் திரும்பத் திரும்ப அடித்தாய் என்று என்னைக் கேட்பார்கள். டினேஷ் மறுபடி எழும்பித் தாக்க வந்தான் என்று பார்த்தவர் ஒருவர் சொல்லவேண்டும். பார்த்தது நீ மட்டும்தான். என் தங்கை என்பதால் முதல் வழக்கில் உன்னைச் சாட்சி சொல்லாமல் இருக்க விட்டார்கள். இந்தமுறை சொல்லுவாயா? இங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. பயப்படாமல் எழுது.

அன்புடன் அண்ணன்,
கிறிகோரி

ஒரேத்தோ வீதி, பலெர்மோ
2 பெப்ரவரி 2024

பாசமுள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்து, இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன். பிந்திப் போனதற்கு வேலைவீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, ஏசினா.

கோர்ட்டில் தடுமாறக்கூடாது என்பதால் நடந்ததை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். டினேஷ் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். பல் உடைந்தது. "இண்டைக்கு உன்னைக் கொன்டுபோட்டுத்தான் படுப்பன்" என்றார். அடுத்த அறையில் இருந்த அனிற்றாவின் அலறல் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து நீங்கள் ஓடி வந்தீர்கள். அயன்பெட்டியால் அவர் தலையில் அடித்தீர்கள். அவர் விழுந்தார். ஒரு கை மட்டும் துடித்தது. "அண்ணா, காணும், விடுங்கோ" என்று கத்தினேன். உங்களுக்குக் கேட்கவில்லை. முகம் அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தீர்கள். என் சட்டையில் இருந்த இரத்தம் யாருடையது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர் எழும்பவில்லை, அண்ணா. ஆனால் எழும்பினார் என்று சொல்லுவேன். உங்களால்தான் உயிரோடு இருக்கிறேன். இதைக்கூடச் செய்யாமல் விடுவேனா?

உங்கள் தங்கை,
அமலினி

ஒரேத்தோ வீதி, பலெர்மோ
21 மார்ச் 2024

அண்ணா,

ஏன் அப்படிச் செய்தீர்கள்? நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து நின்று, "அவள் பொய் சொல்லுறாள். அவன் எழும்பேல்லை" என்றீர்கள். மொழிபெயர்த்த பெண்ணே திகைத்துப்போனாள். மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நான் என்ன பிழை விட்டேன்? உங்களைப் பார்க்க வர மனம் வரவில்லை.

அமலினி

பலெர்மோ சிறை
3 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பொய் சொல்லச் சொன்னது நான்தான் என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டேன். உன்மேல் வழக்கு வராது என்கிறார் வழக்கறிஞர்.

அவன் எப்படி எழும்பி வந்தான் என்று நீதிபதி கேட்டார். "கையை ஓங்கிக்கொண்டு..." என்று நீ தொடங்கினாய். உடனே உன் இரண்டு கைகளும் தாமாகவே முகத்தை மறைத்தன. உடம்பு குறுகிப்போனது. அந்த மண்டபத்தில் யாரும் உன்னைத் தொடவில்லை. ஆனாலும் நீ அடி வாங்கிக்கொண்டிருந்தாய். அடுத்த கேள்வி கேட்டிருப்பார்கள். அதற்கும் வாங்கியிருப்பாய்.

தேவைக்கு மேலே அடித்தேன், தங்கச்சி. அதற்குத்தான் இங்கே இருக்கிறேன். என் வருடங்களைக் குறைப்பதற்காக அவனை உன் முன்னால் மறுபடியும் எழுப்பிவிட என்னால் முடியவில்லை.

மனம் வந்தால் வா. வராவிட்டாலும் கோபிக்கமாட்டேன். பல்லைக் கட்டாயம் கட்டிக்கொள்.

அண்ணன்,
கிறிகோரி