நடுவழியில் உட்கார்ந்தவர்கள்

காலனி,
4.11.2024, இரவு

என் தேஜுவுக்கு,

ஷாரோன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் விடுதிச் சாம்பார் இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பிலும் நான் மூன்றாவது பெஞ்சைத்தான் பிடித்திருக்கிறேன். உன் இடத்தில் தேவயானி உட்காருகிறாள். நல்ல பெண், ஆனால் வாங்கிய ஸ்கேலைத் திருப்பித் தரமாட்டாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா பார்த்தால் திட்டமாட்டார், பயந்துபோவார். அவர் பயந்தால் எனக்கு இரண்டு மடங்கு பயம் வந்துவிடும். அதனால்தான் இந்த ஒளிவு.

நம் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகி நாற்பது வருடம் ஆகிறது. டிசம்பரில் விழா. பள்ளி வரலாற்றை மேடையில் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் உத்திரமேரூர்ப் பக்கம் எந்த மேடை ஏறினாலும் குடவோலையில் ஆரம்பிப்பார்களே, நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். ஹெச்.எம். திலகா மிஸ் முதல் பக்கத்தை அப்படியே அடித்துவிட்டார். "சோழர் காலத்தை எல்லாரும் சொல்லிட்டாங்கம்மா. நம்ம பள்ளிக்கூடம் எப்படி வந்துச்சு, அதைக் கேட்டுக்கினு வா" என்றார்.

செங்கேணி அத்தையிடம் கேட்டேன். அப்பாவுக்கு மூத்த அக்கா. எங்கள் வீட்டில் சர்ச்சுக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பிறந்தவர், அதனால்தான் அந்தப் பெயர். அவர் சொன்னதை எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

உயர்நிலைப் பள்ளி வரப்போகிறது என்றதும் உங்கள் ஊரார் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னார்களாம். எங்கள் ஆட்கள் ஏரி மதகுக்குப் பக்கத்தில் என்றார்களாம். சண்டை தீரவில்லை. அப்போதிருந்த ஹெட்மாஸ்டர் ஒரு வழி சொன்னார். கோயில் மணி அடித்ததும் ஊரிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர், எதிரும் புதிருமாக நடக்க வேண்டியது. சந்திக்கிற இடத்தில் பள்ளிக்கூடம்.

மெதுவாக நடப்பவர் பக்கம்தானே பள்ளி கிட்டத்தில் வரும்? உடனே இரண்டு பக்கமும் இருப்பதிலேயே மெதுவான ஆளைத் தேடியிருக்கிறார்கள்! ஊர்ப் பக்கம் உன் கொள்ளுத்தாத்தா பார்த்தசாரதி. எங்கள் பக்கம், நிறைமாதமாக இருந்த செங்கேணி அத்தை.

அத்தை சொன்னது இப்படி: "கோயில் கொளத்தத் தாண்டினதுமே சாமி பனமரத்துக்குக் கீய குந்திக்கினாரு. காலு மரத்துப்பூச்சாம். அறுப்பு முடிஞ்ச கழனி, எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. மரத்துப்போன காலு எனுக்குத் தெரியாதா? நானு பாவம், மோகன்குமார வவுத்துல வச்சிக்கினு நடந்தேன்."

உன் கொள்ளுத்தாத்தா ஏமாற்றினார் என்கிறார் அத்தை. பள்ளி வாசல் கல்லில் ‘நிலம் தானம் அளித்தவர்’ என்று அவர் பெயர் இருக்கிறது. முன் வரிசையில் உன் தாத்தா கஸ்தூரிரங்கன் உட்கார்ந்திருப்பார். அவர் நிலத்தில்தான் அப்பா, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குப் பயிர் வைக்கிறார். "இன்னா கத இது? மேடையில போயி இதெல்லாம் பேசிக்கினு இருக்காத ஷாரோனு. நமக்கு எதுக்கு பேஜாரு?" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். நீ எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, நான் உங்கள் வாசல்படி ஏறியதில்லை. பள்ளிக்கூடம் இருந்ததால் அது நமக்குக் குறையாகவே தெரியவில்லை. அதனால் உன்னைக் கேட்காமல் இதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. சொல்லட்டுமா, வேண்டாமா?

பதிலைப் பள்ளி முகவரிக்கே போடு. மிஸ் வாங்கித் தருவார்.

பயத்தோடும் அன்போடும்,
ஷாரோன்

*

சென்னை,
13.11.2024

ஷாரோனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பதில் எழுதப் பிடிக்கவில்லை.

என் கொள்ளுத்தாத்தாவை நான் பார்த்ததில்லை. கூடத்தில் போட்டோ இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் என்று சொல்லித்தான் என்னை அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள். காஞ்சிபுரத்துக்கு வேனில் அனுப்ப அம்மா ஆசைப்பட்டபோது, "நாமளே அனுப்பலேன்னா எப்படி?" என்று தாத்தாதான் தடுத்தார். அந்த மனிதரை முன் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, ‘உங்கள் அப்பா ஏமாற்றுக்காரர்’ என்று சொல்லப்போகிறாய். அதற்கு என்னிடம் அனுமதி வேறு.

ஒன்று கேட்கிறேன். அவர் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார், உன் அத்தை நடந்துகொண்டே வந்தார் என்றால், இரண்டு பேரும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே சந்தித்திருக்க வேண்டும்? பள்ளி ஏன் உங்கள் காலனியை ஒட்டி இருக்கிறது? நீ மணிச் சத்தம் கேட்ட பிறகு வீட்டிலிருந்து ஓடி வருவாய். நான் தினமும் அரை மணி நேரம் வரப்பில் நடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவேன்.

யோசித்துப் பார்.

தேஜஸ்வினி

*

காலனி,
18.11.2024, இரவு

அன்புள்ள தேஜு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததுமே அழுதுவிட்டேன். தேவயானி என்னவென்று கேட்டாள், கண்ணில் சாக்பீஸ் தூள் என்றேன்.

நீ கேட்டது சரிதான். தினமும் ஓடிப் போகிற வழி என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. அத்தையிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் நாப்பது வருசத்துக் கத, போடி, போய் நாஷ்டா துன்னு" என்று விரட்டிவிட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்குத் தெரிந்தது பாதிக் கதை. பாதியை வைத்துக்கொண்டு உன் வீட்டு மனிதரைக் குறை சொன்னேன், மன்னித்துவிடு. ஆனால் கல்லில் இருப்பதும் பாதிதானே, தேஜு? என் அத்தை நடந்து வந்தது அதில் எங்கேயும் இல்லை.

எனக்குக் காய்ச்சல் வரும்போல் இருக்கிறது, வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். "விழாவுக்கு இன்னும் நாள் இருக்குது, இப்பவே எப்படிக் காய்ச்சல் வரும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நீ என்னோடு பேசாமல் போய்விடுவாய் என்றால் நான் மேடையே ஏறமாட்டேன். ஒரு வரி எழுது, போதும்.

உன் (இன்னமும் உன்)
ஷாரோன்

*

சென்னை,
25.11.2024

அடியே ஷாரோன்,

பேசாமல் எப்படி இருப்பேன்? பைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா பார்க்க வந்தார். நீ பேசப்போவதை நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் ஏன் அவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கொண்டுவந்த முறுக்கை அவரே எடுத்துக் கடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்கப்பாவுக்குக் காலும் மரக்கலை, ஒண்ணும் மரக்கலை. நான்தான் பக்கத்துல குடை பிடிச்சுண்டு நின்னேனே! அவர் உட்கார்ந்தாரா, அதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணும் கழனி நடுவுல சட்டமா உட்கார்ந்துட்டா. இவரும் எழுந்துக்கலை, அவளும் எழுந்துக்கலை. ரெண்டு பக்கத்து ஜனமும் வேடிக்கை பார்க்கறது. சித்திரை வெயில்!"

அப்புறம் என்ன ஆயிற்று என்றேன்.

"அப்பாவுக்கு நிழல் இருந்தது. அவளுக்கு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். ‘அவ எழுந்துக்க மாட்டாடா. புள்ளைத்தாச்சிப் பொண்ணு, வெயில்ல ஏதாவது ஆச்சுன்னா நாம எந்த மூஞ்சியோட இந்த ஊர்ல இருக்கறது? நட’ன்னு எழுந்துட்டார். அவ்வளவு தூரமும் நடந்து அவகிட்ட போய் நின்னா, அவ எழுந்துக்காமலே, ‘வாங்க சாமி, காலு சரியாப்பூச்சா?’ன்னு கேட்டா!"

உன் அத்தை உட்கார்ந்த இடம் எங்கள் கழனி. அதனால்தான் தானம். வேறு யார் கழனியிலாவது உட்கார்ந்திருந்தால் கல்லில் வேறு பெயர் இருந்திருக்கும் என்கிறார் தாத்தா.

என்னிடம் சிரித்துவிட்டார். இரண்டு ஊருக்கு முன்னால், மைக்கில் கேட்டால் சிரிப்பாரா என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவின் வாரச் சாகுபடி என்ன ஆகும் என்றும் எனக்கு உறுதி சொல்லத் தெரியவில்லை. ஆனால் பேசினால் இரண்டு பேர் உட்கார்ந்ததையும் பேசு. நான் உன் பக்கம்.

தேஜு

*

காலனி,
14.12.2024

என் தேஜுவுக்கு,

நேற்று விழா முடிந்தது. இன்றைக்கு ஒளியாமல், அப்பா பார்க்கவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டியிருந்தேன். ‘சட்டமா உட்கார்ந்துட்டா’ வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "ஆமாண்டி, குந்திக்கினேன். அவரு குந்தினா நான் மட்டும் நடக்கணுமா?" என்றார்.

மைக் செட் மோகன்குமார் மாமாவுடையது. அத்தை வயிற்றில் நடந்து வந்த அதே மாமா. "பள்ளிக்கூடமும் நானும் ஒரே வயசு, எனுக்கும் ஒரு சால்வ போடுங்க" என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் மைக்கின் உயரத்தை இறக்கிவைத்து, "தைரியமாப் பேசு" என்றார். பின்னால் வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். நான் அவருக்கு எழுதிக் காட்டிய பேச்சில் இந்தக் கதை இல்லை. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பனைமரம் வரை சொல்லிவிட்டேன். ‘கால் மரத்ததாகச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்’ என்றதும் உன் தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என் கால்தான் நிஜமாகவே மரத்துப்போயிற்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். நிறுத்தினால் பாதிக் கதையோடு நின்றுவிடும். அதனால், "எங்கள் செங்கேணி அத்தையும் உட்கார்ந்துவிட்டார்" என்று கத்திவிட்டேன்.

"யேய், என்ன எதுக்குடி இழுக்கற!" என்று கூட்டத்திலிருந்து அத்தை குரல். பந்தலே சிரித்தது. உன் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை அப்படியே இருந்தார். முடித்ததும் எழுந்து மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

"இந்தக் குழந்தை பேசினதுல ஒரு தப்பு இருக்கு" என்றார். தேஜு, அந்த நேரத்தில் நான் என்ன ஆனேன் என்று எழுதத் தெரியவில்லை.

"அவ்வளவு நேரமும் குடையைப் பிடிச்சுண்டு நின்னவன் நான். கை கழண்டு போச்சு. அவ பேச்சுல என் பேரே வரலை!"

இப்போது அவர்தான் முதலில் சிரித்தார். அத்தையை மேடைக்குக் கூப்பிட்டார். வந்தார், ஆனால் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். "ஒரு தபா குந்தினதுக்கே நாப்பது வருசமாப் பேசறீங்க" என்றார்.

காலையில் அப்பா கழனிக்குப் போனார். உன் தாத்தா வரப்பில் நின்றிருந்தாராம். "பெஞ்சமின், உம் பொண்ணு நன்னா பேசினா. களை எப்போ எடுக்கறே?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அப்பா அதை எங்களிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொல்லும்போது, ‘நன்னா’ என்பதை உன் தாத்தா மாதிரியே சொன்னார்.

பொங்கல் விடுமுறைக்கு வருவாய் அல்லவா? பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். எங்கே சந்திப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நமக்கு வேறு இடமே கிடையாது. நீயே சொல்.

அன்புடன்,
உன் ஷாரோன்

*

சென்னை,
4.1.2025

ஷாரோன் கண்ணு,

தாத்தா போனில் உன் பேச்சை முழுக்க நடித்துக் காட்டினார். அத்தை கத்தியதையும் கத்திக் காட்டினார்.

போகியன்று காலை கோயில் மணி அடித்ததும் கிளம்புகிறேன். நீ எதிரில் வராதே. உன் அத்தை மாதிரி வீட்டிலேயே சட்டமாக உட்கார்ந்திரு. பள்ளிக்கூட வாசலில் நிற்காமல், மீதி வழியையும் நானே நடந்து வருகிறேன்.

ஷாரோன் வீட்டுக்குப் போகிறேன் என்று தாத்தாவிடம் சொன்னேன். வரப்பு வழியாகவா என்று கேட்டார். பிறகு, "குடையை எடுத்துண்டு போ" என்றார்.

தேஜு