பரவாயில்லை என்று சொன்ன நாள்

என் ஆமைக்கு,

இந்தப் பட்டப்பெயர் உனக்கு இன்னும் பிடிக்குமா என்று தெரியவில்லை. நூலகத்தில் ஒரே புத்தகத்தை இருவரும் சேர்ந்து படித்த நாட்களில் நான் வைத்தது. நான் பக்கத்தைத் திருப்பப் போனால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "இருடி, கதையில அவன் இன்னும் கிணத்துல இருந்தே ஏறல" என்பாய். சிரிப்பு வரும் வரிக்கு நீ எப்போது வந்து சேர்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக் காத்திருப்பேன்.

பிறகு நீ கடைசி பெஞ்சுக்காரிகளோடு சேர்ந்தாய். ஒரு நாள் வகுப்பில் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, நான் படிப்பதைப் போல நடித்துக் காட்டினாய். வகுப்பே சிரித்தது.

விஷயம் தெரிந்ததும் தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் நம்மை மேடையில் நிறுத்தினார். "கேக்கல, இன்னும் சத்தமா சொல்லு" என்று உன்னை மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்க வைத்தார். உன் காதெல்லாம் சிவந்திருந்தது. என்னிடம், "பரவால்லன்னு சொல்லும்மா, கை குடு" என்றார். சொன்னேன். கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நம் சண்டை அத்துடன் முடிந்துவிட்டதாம்.

பரவாயில்லை என்றது பொய். எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அன்றிலிருந்து நீ என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. உன்னிடம் கோபப்படக்கூட வழியில்லை.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க நினைத்தேன். அதைத்தான் யாரும் கேட்க விடவில்லை. நாளை மதிய இடைவேளையில் நூலக ஜன்னலோரம் இருப்பேன். வந்து காரணத்தைச் சொல். திட்டுவதானால் திட்டு. பதிலுக்கு நானும் திட்டுவேன், நூலகர் காதில் விழாதபடி மெதுவாக.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் தோழி