குரல் அறையின் மூன்றாவது வால்யூமும் என் மருமகள் மீதான குறிப்பாணையும்

அனுப்புநர்
காய்கறி மொத்த மார்க்கெட்டின் முன்னாள் ஏலக்காரர்,
வெல்டிங் பட்டறை மாடி,
மார்க்கெட் பின்தெரு.
(தபால்காரரிடம் ‘வெண்கலம் வீடு’ என்றால் போதும்.)

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
பொது மருத்துவமனை,
தலைமை அலுவலகம்.

பொருள்: குரல் அறைக் கணினியின் டிஸ்க்குகளை, வேறொரு கணினியிலிருந்து பேக்கப் எடுக்கும் முன் சோதித்த கணினிப் பிரிவு ஊழியர் மீதான குறிப்பாணையை ரத்து செய்யவும், அச்சோதனைக்கு விதித்த தடையை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி ஊழியருக்கு மருத்துவமனை நிர்வாக அலுவலகம் வழங்கிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விட்டுப் பிழைத்தவன் நான். வியாபாரிகள் சங்கம் மைக் வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னவன். தக்காளி ஷெட்டில் நின்று நான் விலை கூவினால் வெங்காய ஷெட்டில் இருப்பவர் கை தூக்குவார். அதனால் வந்த பெயர்தான் வெண்கலம். தொண்டையில் கட்டி வந்து, தங்கள் மருத்துவமனையில் அண்மையில் என் குரல்வளை அகற்றப்பட்டது. அறுவை செய்த டாக்டர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். இப்போது சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் வாக்குவாதத்தில் ஜெயிப்பதாக என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

2. மேற்படி ஊழியர் என் மகனின் மனைவி. ‘மேற்படி ஊழியர்’ என்று திரும்பத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. இனி மருமகள் என்றே எழுதுகிறேன். வீட்டில் வாம்மா, போம்மா என்றுதான் கூப்பிடுவேன். இது மனு என்பதால் மரியாதையோடு எழுதுகிறேன். அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதி உடையவர். இந்த மனு எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் ‘எனக்காக யார்கிட்டயும் கேக்க வேணாம் மாமா’ என்பார். நான் கேட்கத்தான் போகிறேன்.

3. தாங்கள் அறியாதது அல்ல. ஆனாலும் விசாரணை அதிகாரியும் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பேச்சுப் பயிற்சிப் பிரிவில் குரல் அறை என்று ஒன்று உண்டு. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. குரல்வளை அகற்றப்பட இருப்பவர்கள் அறுவைக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து, கொடுக்கிற வாக்கியங்களை ஒரு பகல் முழுக்கப் படிக்க வேண்டும். பிற்பாடு அவர்கள் விரலால் தட்டுகிற எழுத்தை, அந்தப் பதிவைக் கொண்டு அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பேசும் கருவி ஒன்றைத் தருகிறார்கள். கருவி கெட்டால் பதிவிலிருந்து மறுபடி ஏற்றலாம். பதிவே போய்விட்டால், ஆளைத் திரும்ப உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வழியில்லை.

4. இந்தப் பதிவுகளுக்கு பேக்கப் எடுப்பது குரல் அறைக் கணினி அல்ல. கீழ்த்தளத்தில் இருக்கும் வேறொரு கணினி. அது நெட்வொர்க் வழியாகக் கட்டளை அனுப்பி, குரல் அறைக் கணினியின் டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு வால்யூமையும், அதாவது ஒவ்வொரு பகுதியையும், ‘ஸ்னாப்ஷாட்’ எடுக்கச் சொல்லும். எனக்கு இது விளங்க மருமகள் மார்க்கெட்டையே உதாரணம் காட்டினார். ஏலம் நடக்கும்போது மூட்டைகளை எண்ண முடியாது, வருவதும் போவதுமாக இருக்கும். எல்லோரும் ஒரு நொடி நின்ற இடத்திலேயே நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு தோற்றத்தைப் பிடித்து வைப்பது ஸ்னாப்ஷாட். கீழே இருக்கும் கணினி அந்தத் தோற்றத்திலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளும். மேலே வேலை நிற்காமல் நடக்கும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏதாவது ஒரு வால்யூம் ஸ்னாப்ஷாட்டுக்கு இடம் கொடுக்காவிட்டால், அந்த பேக்கப் புரோகிராம் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்து முடித்து, ‘முழுமை’ என்று பச்சையில் காட்டிவிடும்.

5. என் மருமகள் பச்சையைப் பார்த்துத் திருப்திப்படுகிற ஆள் இல்லை. குடை வாங்கப் போனால் கடையிலேயே விரித்து, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். நான் கூடப் போய் அவமானப்பட்டிருக்கிறேன். குரல் அறை அவர் பொறுப்புக்கு வந்ததும், கீழே இருக்கும் கணினியைக் கிளப்பிவிடுவதற்கு முன், மேலே போய் ஒவ்வொரு வால்யூமையும் தனித்தனியாக ஸ்னாப்ஷாட் எடுத்துப் பார்த்தார். எடுத்ததோடு விடவில்லை. அதற்குள் இருக்கும் கோப்பைத் திறந்து, ஹெட்போன் மாட்டிக் கேட்டும் பார்த்தார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது மறுத்துவிட்டது. இடம் போதாமல் பிற்பாடு சேர்த்த வால்யூம் அது. பழைய முறையில் அமைத்தது, ஸ்னாப்ஷாட்டுக்கு ஒத்துவராதது. அத்தனை நோயாளிகளின் குரலும் இருந்தது அந்த மூன்றாவதில்தான். அதுவரை எடுத்த பிரதிகளைத் திறந்து பார்த்தபோது, குரல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

6. இது தெரியவந்தது காலையில். அன்று மாலையே பழைய டிஸ்க்குகளைக் கழற்றிப் புதியவை பொருத்தவும், பழையதை அழிக்க எடுத்துப்போகவும் கம்பெனி ஆட்கள் வருவதாக ஏற்பாடு. தேதியைத் தள்ளிவைக்கும்படி மருமகள் நிர்வாக அலுவலகத்தைக் கேட்டார். ‘பேக்கப்தான் முழுமைன்னு காட்டுதே, அப்புறம் என்ன?’ என்று பதில் வந்தது. ஸ்னாப்ஷாட் இல்லாமல் பத்திரமாகப் பிரதி எடுக்க ஒரே வழி, குரல் அறையில் யாரும் எதுவும் பதிவு செய்யாமல் நிறுத்திவைத்து, கோப்புகளை நேரடியாக எடுப்பது. அந்தப் பழைய கணினியின் வேகத்துக்கு அது சாயங்காலம் வரை இழுக்கும்.

7. அன்று குரல் பதிவுக்கு என் முறை. மறுநாள் காலை எனக்கு அறுவை.

8. சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டு போயிருந்தேன். வாக்கியங்களை முன்கூட்டியே வாங்கி வந்து, கீழே பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்தி உட்கார, உரக்கப் படித்து ஒத்திகையும் பார்த்திருந்தேன். குரல் அறை வாசலில் மருமகள் வந்து நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: ‘மாமா, இன்னிக்கு அறைய நிறுத்தினாதான் எல்லார் குரலும் தப்பும். நிறுத்தினா உங்க முறை போயிடும். நான் நிறுத்தப் போறேன்.’ அரை மணி நேரம் மட்டும் கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. வெண்கலத்துக்கே இடம் இல்லையா என்று அந்த வராந்தாவே அதிரக் கத்தினேன். கத்தி முடித்தபின் பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் ‘பதிவு இல்லை’ என்ற பலகையை அவரே கதவில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று பகல் முழுக்க வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். கடைசிக் கோப்பையும் கேட்டுப் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது.

9. அன்று இரவு வார்டில் மருமகள் கைப்பேசியை நீட்டி ஏதாவது சொல்லச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரின் இருமலுக்கு நடுவே சில வார்த்தை சொன்னேன். அது வீட்டில் வைத்துக் கேட்க ஆகும். கருவி செய்ய ஆகாது என்று குரல் அறையில் சொல்லிவிட்டார்கள். ஆக, என் குரலில் பேசும் கருவி எனக்குக் கிடைக்காது. வருத்தம் இருக்கிறது ஐயா. பேரப்பிள்ளை தடுக்கி விழப் போகும்போது ‘டேய்’ என்று ஒரு அதட்டல் போட முடியாமல் கையைத் தட்டுகிறேன். இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

10. இனி குறிப்பாணைக்கு வருகிறேன். அதில் மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, அனுமதியின்றி அறையை நிறுத்தி, அறுவைக்கு முந்தைய நாளில் இருந்த ஒரு நோயாளியின் பதிவு வாய்ப்பைப் பறித்தது. இரண்டு, ‘முழுமை’ என்று காட்டிய பேக்கப்பை நம்பாமல் தேவையற்ற சோதனை செய்தது. மூன்று, தன் மாமனார் அங்கே சிகிச்சை பெறுவதால், குடும்ப நலனுக்காக அந்தக் கணினியில் கை வைத்தது. தயாரித்தவர் ஒரு குற்றச்சாட்டை எழுதியபின் மற்றதைப் படித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. முதல் குற்றச்சாட்டில் வாய்ப்பை இழந்த நோயாளியும், மூன்றாவதில் ஆதாயம் அடைந்த மாமனாரும் ஒரே ஆள். அந்த ஆள் நான். ஒரே மூட்டையை ஒரே நேரத்தில் விற்றேன் என்றும் வாங்கினேன் என்றும் எங்கள் மார்க்கெட்டில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவோம். இங்கே அதற்காக வரும் வாரம் விசாரணை. முடிவு பாதகமானால் அவரைக் கணினிப் பிரிவிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள்.

11. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்வதைவிட, கண்ணால் கண்ட ஒன்றை எழுதுகிறேன். தையல் பிரிக்கப் போன அன்று குரல் அறை வாசலில் ஒரு கிரேன் ஆபரேட்டர் நின்றிருந்தார். எனக்கு முன்பே குரல்வளை எடுத்தவர். அவருடைய கருவி தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது. சின்ன மகளையும் கூட்டி வந்திருந்தார். என் மருமகள் அன்று எடுத்த பிரதியிலிருந்துதான் அவர் குரலைப் புதுக் கருவியில் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர் தட்டினார், கருவி ‘பசிக்குதாடா கண்ணு?’ என்றது. அந்தக் குழந்தை கருவியைப் பார்க்கவே இல்லை, நேரே அப்பா முகத்தைப் பார்த்து ‘ஆமாப்பா’ என்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பெருமையாக இருந்தது. என் வீட்டுப் பெண் காப்பாற்றிய குரல் அது என்று அந்த வராந்தாவில் கூவத் தோன்றியது. கூவ முடியாததால் இங்கே எழுதுகிறேன். கழற்றிய பழைய டிஸ்க்குகளை கம்பெனி அழித்தாகிவிட்டது. இன்று அந்தக் குரல்கள் இருப்பது அவர் எடுத்த பிரதியில் மட்டுமே.

12. இவ்வளவுக்கும் பிறகு, இனி பேக்கப்புக்கு முன் யாரும் வால்யூம்களைச் சோதிக்கக் கூடாது என்று நிர்வாக அலுவலகம் சுற்றறிக்கையும் விட்டிருக்கிறது. மருமகளை வருத்துவது குறிப்பாணை அல்ல, இந்தச் சுற்றறிக்கைதான். அடுத்ததாகக் குழந்தைகள் செவிப் பிரிவின் கணினியை மாற்றப் போகிறார்களாம். அதில் எந்த வால்யூம் மறுக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சரியாகச் சாப்பிடுவதில்லை. குடும்பத்தில் ஒருவர் வேலையில் இப்படி ஒன்றிப்போய் இருப்பதை நான் பார்த்ததில்லை. ஏலத்தில் நான்கூட அப்படி இருந்தேனா என்பது சந்தேகம்.

13. ஆகவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து, மேற்படி குறிப்பாணையை ரத்து செய்தும், சோதனையைத் தடுக்கும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றும், எந்தக் கணினியையும் வேறொரு கணினியிலிருந்து பேக்கப் எடுக்கும் முன் அதன் ஒவ்வொரு வால்யூமையும் சோதித்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை நிலையான உத்தரவாக்கியும் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். விசாரணைக்கு என்னையும் அழைக்கலாம், சிலேட்டோடு வருவேன். என் பொருட்டுத்தான் மருமகள் அதைச் செய்தார் என்று விசாரணை அதிகாரிக்கு அப்போதும் தோன்றினால், அந்தப் பிரதியைத் திறந்து, ஒவ்வொரு நோயாளியின் பதிவாகப் பார்த்து, என் குரலைத் தேடச் சொல்லுங்கள். அதில் என் ஒரு வார்த்தை கிடைத்தாலும் அவரைத் தண்டியுங்கள்.

இங்ஙனம், தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
வெண்கலம்,
முன்னாள் ஏலக்காரர்

இடம்: வெல்டிங் பட்டறை மாடி
நாள்: ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: குறிப்பாணையின் நகல், ‘ரத்து’ முத்திரையிட்ட என் பதிவு முறைச் சீட்டு.