நூற்று நாற்பத்து நான்கு அடி

1984 ஜூலை 9, திங்கள்
மழை. மாட்டுங்காவில் தண்டவாளம் எது, கால்வாய் எது என்று ரயிலுக்கே சந்தேகம். கறுப்புக் கோட்டு மூன்று நாளாகக் காயவில்லை. அந்த வாடைக்குப் பயந்தே நீதிபதி தடையுத்தரவு கொடுத்துவிடுவார்.

புதுக் கட்சிக்காரர் காஜா மைதீன். தாராவியில் தோல் பைப் பட்டறை, ஊர் திருநெல்வேலிப் பக்கம். பை தைக்கிற மனிதர் ஐம்பது நிமிஷப் படம் எடுத்திருக்கிறார். அவர் சந்தில் குழாய் ஒன்பது நாள் வறண்ட கதை. நடிகர் யாரும் இல்லை, எல்லாம் சந்து ஜனங்கள். பேச்சியம்மாள் என்பவள் குழாய் அதிகாரியை நிறுத்தி நாலு நிமிஷம் கேள்வி கேட்கிறாள். அந்த நாலு நிமிஷத்தை வெட்டினால்தான் சான்றிதழ் என்கிறது தணிக்கைக் குழு. ஞாயிறு மாலை இங்கே ஹால் பிடித்தாகிவிட்டது.

"அதை வெட்டினால் படத்தில் என்னய்யா மிச்சம்?"
"குடம் சார். வரிசையா குடம்."

என் இருபது வருஷத் தணிக்கைப் போர்களில் (முத்தம் 11, தொப்புள் 6, மந்திரி ஜாடையில் ஒரு மூக்கு) தண்ணீருக்கு வாளெடுப்பது இதுவே முதல்.

ஜூலை 10, செவ்வாய்
பட்டறைச் சுவரில் வேட்டி கட்டிப் படம் பார்த்தேன். பேச்சியம்மாள் (இனி பே.) பேசியதை எழுதிக்கொண்டேன்:

"உங்க வீட்டுக் குழாய்ல காத்து வந்தா எத்தன நாளு பொறுப்பிய? ஒம்பது நாளா காத்தத்தான் குடம் குடமா புடிச்சி வச்சிருக்கோம். வாங்க, ஒரு செம்பு குடிச்சிட்டுப் போங்க."

பாரிஸ்டர்கள் பத்துப் பேர் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு குறுக்கு விசாரணை வராது. அடியேனையும் சேர்த்துத்தான்.

ஜூலை 11, புதன்
தலைவலி. குடை தொலைந்தது (இந்த மாதம் மூன்றாவது).

குழுவின் ஆட்சேபத் தாளை ஏழாவது தடவை படித்தேன். 'ஏராளமாகத் தண்ணீர் கிடைத்த பிறகும் அந்தப் பெண் நன்றியின்றி அதிகாரியை ஏசுகிறாள்.' தண்ணீர் வருவது இரண்டாம் ரீலில். அவள் பேசுவது முதல் ரீலின் கடைசியில். அப்புறம் என்ன 'பிறகும்'?

புரிந்தது. மகானுபாவர்கள் இரண்டாம் டப்பாவை முதலில் ஓட்டியிருக்கிறார்கள். பாதியில் 'முற்றும்' வந்திருக்கிறது. அதற்கப்புறம் படத்தின் பெயர் வந்திருக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. இடைவேளை என்று சமோசா தின்றிருப்பார்கள். தேசத்தின் ஒழுக்கம் இவர்கள் பொறுப்பில்.

சிரித்த சிரிப்பில் கட்டில் கால் ஆடியது. மனைவி: "ஏன்னா, ஜெயிச்சப்புறம் சிரிக்கப்படாதா?"

ஜூலை 12, வியாழன்
குழுவின் திரையிடும் அறை. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அந்தக் கழுத்தைத் திருப்ப நாலு ஆளும் ஒரு கப்பியும் வேண்டும். தமிழ் தெரிந்த உறுப்பினர் செம்பூர்க்காரர், நாம் பேசினால் மட்டும் தமிழ் மறந்துபோகும்.

டப்பா விஷயத்தைச் சொன்னேன். செம்பூரார் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒழுங்கான வரிசையில் மறுபடி போட்டார்கள். முதலில் வறட்சி, அப்புறம் அவள் பேச்சு, அப்புறம் தண்ணீர். என் மீசை தானாக முறுக்கிக்கொண்டது.

தலைவர் இங்கிலீஷில் திருவாய் மலர்ந்தார்: திட்டினால்தான் தண்ணீர் வரும் என்றல்லவா படம் சொல்கிறது, இது அதைவிட ஆபத்து. தீர்ப்பு: முகம் இருக்கலாம், குரல் கூடாது. ஒலியில் அந்த நாலு நிமிஷத்தை, பிலிம் கணக்கில் நூற்று நாற்பத்து நான்கு அடியை, அழிக்க வேண்டும்.

தப்பாகப் பார்த்தாலும் வெட்டு, சரியாகப் பார்த்தாலும் வெட்டு. இவர்களுக்குப் படம் எதற்கு, டப்பாவைப் பார்த்தே தீர்ப்பு எழுதலாமே.

ஜூலை 13, வெள்ளி
காஜா மைதீன் (கா.மை.) வந்தார், கூடவே பே. ஐந்தடி கூட இல்லை. படத்தில் அரண்மனைக் கதவு மாதிரி இருந்தாள்.

கா.மை.: "ஜானே தோ சார், விடுங்க. ஒத்துக்கிடுவோம். ஹாலு போயிரும்."

அவரைக் கரப்பான்பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அதற்குள் அவள்:
"குரலத்தான எடுக்காவ? அது எங்கிட்டல்லா இருக்கு. நான் வந்து பேசுதேன்."

புஸ்தகங்களைப் புரட்டினேன். இந்த ஊரில் நாடகத்துக்கும் தணிக்கை உண்டு. ஆனால் இவள் நடிக்கப்போவதில்லை. ஹாலில் எழுந்து நின்று பேசினால் தடுக்க எந்தப் பிரிவும் இல்லை. வெட்டை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சரி சொன்னேன்.

ஜூலை 15, ஞாயிறு
மழை நின்றது. ஹால் நிரம்பி வழிந்தது, பாதி தாராவி. முதல் வரிசையில் செம்பூரார், கையில் கடிகாரம், ஊமையாக்கியது சரியாக நாலு நிமிஷமா என்று பார்க்க.

திரையில் அவள் வாய் அசைந்தது. சத்தமில்லை. பக்கத்தில் அவளே எழுந்தாள். முதல் வார்த்தை வரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏ பேச்சி, காத்தா வருது?" சிரிப்பு. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ரீல் மாறித் தண்ணீர் கொட்டிய பிறகும் பேசினாள். பதினோரு நிமிஷம்.

செம்பூரார் என்னிடம்: "இது எந்த விதியில சார் வரது?"
"தமிழ் ஞாபகம் வந்துடுத்தா?"

ஜூலை 17, செவ்வாய்
கா.மை.க்குத் தலை கனத்துவிட்டது. "ரிட் எதுக்கு சார்? காட்கோபர், சுனாபட்டி, எல்லா எடத்துக்கும் இவளயே கூட்டிட்டுப் போவோம்."

பே.: "எனக்கு வேற சோலி இல்லியா? நான் செத்த பொறவு யாரு வந்து பேசுவா? படத்துலயே பேசட்டும்."

ரிட் போடுவதென்று முடிவு. மனுதாரர் 1 அவர், 2 இவள். மனுவைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தி: 'மனுதாரர்கள் மிகுந்த தாழ்மையுடன் பிரார்த்திக்கிறார்கள்.'

"யாருகிட்ட?"
"ஹைகோர்ட்டிடம்."
"அது என்ன கோயிலா? கேக்கோம்னு எழுதுங்க."
"எல்லா மனுவிலும் இப்படித்தான் அம்மா. யாரும் படிக்கிறதுகூட இல்லை."
"படிக்கலன்னா அடிச்சிருங்க சார்."

இருபது வருஷத்தில் எத்தனை தாழ்மை எழுதியிருப்பேன், ரயிலில் ஏற்றினால் டோம்பிவிலி வரை பெட்டி நிற்கும். அடித்தேன். 'கேட்கிறார்கள்' என்று போட்டேன். திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கையெழுத்துப் போட்டாள்.